முப்பத்தைந்தில் ஆளில்லை

துறைமுகத்தில் அவரை உச்சாணி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அந்தரத்தில் தொங்கும் கண்ணாடிக் கேபினில் உட்கார்ந்து, கைக்கு ஒரு நெம்புகோலாகப் பிடித்துக்கொண்டு, கப்பலின் வயிற்றிலிருந்து நிலக்கரியை அள்ளிக் கரையில் குவிக்கும் கிரேன் ஆபரேட்டர். கீழே நிற்பவர்கள் அண்ணாந்து பார்த்துத்தான் அவரிடம் பேச வேண்டும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. "என் வேலையில மேலதிகாரியே கிடையாது, எல்லாரும் கீழதிகாரிதான்" என்பார்.

ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது இடது கையிலிருந்த குவளை நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழவில்லை.

பக்கவாதம். பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. இடது கால் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. கை மட்டும் கேட்கவில்லை. பேருந்தில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள்போல அவர் மடியில் கிடந்தது.

அவர் மனைவி அதே மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். காலையில் மாதிரிக் குழாய்களை வரிசைப்படுத்திவிட்டு, இடைவேளையில் ஓடிப்போய் அவரைப் பார்த்துவிட்டு வருவாள். வீட்டில் அவருடைய தங்கையும் இருந்தாள். கணவன் போன பிறகு அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டவள். தையல் மெஷின் ஒன்றும் ஓயாத வாய் ஒன்றும் அவளுடைய சொத்து. அண்ணன் படுத்ததிலிருந்து அவரைக் குளிப்பாட்டுவது, நடக்க வைப்பது, திட்டுவது எல்லாம் அவள் பொறுப்பு.

மருத்துவமனையின் பிசியோதெரபிஸ்ட் வழுக்கைத் தலைக்காரர், மெதுவாகப் பேசுபவர். வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் மூவரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"நல்லா வேலை செய்யுற கைக்கு நாங்க அறுபத்தாறு மார்க் போடுவோம். தோளத் தூக்குறது, முழங்கையை நீட்டுறது, விரலை விரிக்கிறது, எல்லாத்துக்கும் சேத்து. இப்ப இவருக்கு நாலு. இந்த மாதிரி வர்றவங்களுக்கு ஆறு மாசத்துல சராசரியா முப்பத்தஞ்சு வரைக்கும் வருது."

"முப்பத்தஞ்சு வந்தா பாஸ்தானே!" என்றாள் தங்கை. "அண்ணன் ஸ்கூல்லயும் அதுக்கு மேல எடுத்தது இல்ல."

உச்சாணி சிரித்தார். மனைவியும் சிரித்தாள். படுத்ததிலிருந்து மூவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. பிசியோவும் லேசாகச் சிரித்துவிட்டுத் தன் காகிதங்களை அடுக்கத் தொடங்கினார்.

அன்றிலிருந்து முப்பத்தைந்து அந்த வீட்டில் ஒரு ஆள்போல ஆகிவிட்டது. துறைமுகத்திலிருந்து மேஸ்திரி பார்க்க வந்தபோது உச்சாணியே விஷயத்தை எடுத்தார். "பாதிக் கை வந்துரும்னு சொல்லியிருக்காங்க."

மேஸ்திரி யோசித்தார். "பாதிக் கை வெச்சு உன்ன மேல ஏத்த முடியாது. ஏணியில கால் வெக்கவே விட மாட்டாங்க. ஆனா யார்டுல சின்னக் கிரேன் இருக்கு பாரு, ரிமோட்ல ஓட்டுறது. பெட்டிய இடது கையில தாங்கிப் பிடிச்சா போதும். பட்டன வலது கை பாத்துக்கும். நான் எடத்தப் பிடிச்சு வெக்கிறேன்."

"கீழ நின்னு ஓட்டணுமா?" என்று உச்சாணி முகத்தைச் சுளித்தார். ஆனால் மேஸ்திரி போனதும் தங்கை ஒரு பழைய டிபன் பெட்டியில் அரிசியை நிரப்பி, ரிமோட் பெட்டியின் எடை இருக்குமா என்று கையில் தூக்கிப் பார்க்கச் சொன்னாள். உச்சாணி வலது கையால் தூக்கிப் பார்த்து, "இன்னும் ஒரு பிடி போடு" என்றார். அதை இடது உள்ளங்கையில் வைப்பார்கள். சரியும். தங்கை பிடித்துக்கொள்வாள். மறுபடி வைப்பார்கள்.

மனைவி அந்த வருடம் ஒரு படிப்பில் சேர்ந்திருந்தாள். பரிசோதனைக் கூடத்தில் மேற்பார்வையாளர் ஆக வேண்டுமானால் அந்தச் சான்றிதழ் வேண்டும். அதில் ஒரு பாடம் புள்ளியியல். விடுமுறை நாட்களில் ஒரு கல்லூரிக் கட்டடத்தில் வகுப்பு. நின்றுவிடலாம் என்று நினைத்தவளை உச்சாணிதான் தடுத்தார். "நான் படுத்துட்டேன்னு நீயும் உக்காந்துடாத."

பாடம் எடுத்த அம்மாவுக்கு வகுப்பில் மணி மேடம் என்று பெயர். எதைச் சொல்ல வந்தாலும் கரும்பலகையில் ஒரு மணியைக் கவிழ்த்து வரைந்துவிடுவார். ஒரு நாள் எல்லோரையும் வீட்டிலிருந்து வகுப்புக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டு, அதைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து, ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு சதுரமாக மேலே மேலே அடுக்கிக் காட்டினார். "புத்தகத்துல நிகழ்வுச் செவ்வகம்னு போட்டிருக்கும். ஹிஸ்டோகிராம்னா எல்லாருக்கும் புரியும். ஆளுங்க எங்க கூட்டமா நிக்கிறாங்கன்னு பாக்கத்தான் இது. பாத்தீங்களா, நடுவுலதான் நெரிசல். ஓரத்துக்குப் போகப் போக ஆள் குறையுறாங்க."

அந்தப் படம் அவள் மனதில் ஒட்டிக்கொண்டது. வீட்டில் துணி மடித்துக்கொண்டே நாத்தனாருக்கு விளக்கினாள். "சராசரி முப்பத்தஞ்சுன்னா, முக்கால்வாசிப் பேரு அதைச் சுத்தித்தான் இருப்பாங்க. ஒருத்தருக்கு முப்பது வரும், ஒருத்தருக்கு நாப்பது. ரொம்ப மோசமாப் போறவங்க ஓரத்துல கொஞ்சம் பேருதான்."

"அப்ப அண்ணன் கூட்டத்தோட கூட்டமா இருந்தாலே போதும்."

"போதும்."

"அது முடியுமா அண்ணி? அவருக்குக் கூட்டத்துல நின்னே பழக்கமில்லையே."

அந்த மணி அவளுக்குத் துணையாக இருந்தது. ரத்தக் குழாய்களைச் சுழற்றும் இயந்திரத்தின் முன் நிற்கும்போது, பேருந்துக்குக் காத்திருக்கும்போது, மனதுக்குள் அதை வரைவாள். நடுவில் தடித்த மேடு. அதற்குள் எங்கோ உச்சாணி.

பிறகு ஒரு வகுப்பில் மணி மேடம் எல்லோருக்கும் ஒரு தாளைக் கொடுத்தார்.

"இவ்வளவு நாளா உங்களக் கொஞ்சம் ஏமாத்திட்டேன். எல்லாப் பரவலும் மணி மாதிரி இருக்கும்னு நெனச்சிட்டிருப்பீங்க. இன்னிக்கு வேற ஒண்ணு பாக்கலாம். பக்கவாதம் வந்தவங்களோட கை எவ்வளவு திரும்பி வந்திருக்குன்னு ஆறு மாசம் கழிச்சு எடுத்த கணக்கு இது. அறுபத்தாறுக்கு. முதல்ல படம் போடாதீங்க. சராசரி மட்டும் பாருங்க."

அவள் கால்குலேட்டரில் தட்டினாள். முப்பத்தைந்தும் சொச்சமும் வந்தது. தெரிந்தவர் ஒருவரை ஊர் விட்டு ஊரில் பார்த்ததுபோல் இருந்தது அவளுக்கு. பக்கத்தில் உட்கார்ந்து கூடப் படிக்கும் மருந்துக்கடைக்காரரிடம் சொல்லலாமா என்றுகூட நினைத்தாள்.

"இப்ப பத்துப் பத்தாப் பிரிச்சுப் படம் போடுங்க."

ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துச் சதுரம் போட்டுக்கொண்டே போனாள். ஏழு. ஐம்பத்தெட்டு. பன்னிரண்டு. ஐம்பத்தைந்து. ஒன்பது. இடப்பக்கம் சதுரங்கள் ஏறின. வலப்பக்கம் ஏறின. நடுவுக்குரிய எண்கள் தாளின் பின்பக்கம் இருக்கும் என்று நினைத்தாள். திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"சராசரி முப்பத்தஞ்சுன்னு எல்லாரும் சொன்னீங்க" என்றார் மணி மேடம். "முப்பத்தஞ்சு எடுத்தவரு யாரு? தேடிச் சொல்லுங்க."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். "அந்த எடத்துல ஆளே இல்ல மேடம்."

"இல்லல்ல? முப்பதுல இருந்து நாப்பதுக்குள்ளயே ரெண்டே பேரு. மிச்ச எல்லாரும் ஒண்ணு இந்த மேட்டுல, இல்லன்னா அந்த மேட்டுல. சராசரி வந்து நிக்கிறது நடுப் பள்ளத்துல. அதனாலதான் சொல்றேன், சராசரியக் கேட்டுட்டு அப்படியே எழுந்து போயிடாதீங்க. படத்தப் பாத்துட்டுப் போங்க."

மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். அவள் பென்சிலை வைத்துக்கொண்டு பெட்டிகளை அகலமாக்கிப் பார்த்தாள். பத்துக்குப் பதிலாகப் பதினைந்து. பள்ளம் இருந்தது. இருபத்திரண்டு. அப்போதும் இருந்தது. கடைசியில் எல்லோரையும் ஒரே பெட்டியில் போட்டாள். அதில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. தாளின் ஓரத்தில் ஒரு பெரிய கறுப்புச் சதுரம்.

கை தூக்கினாள். "மேடம், இந்த மேட்டுல இருக்கறவங்க அந்த மேட்டுக்குப் போக முடியுமா?"

"நல்ல கேள்வி. அது இந்தப் படத்துல தெரியாது. ஆனா யார் எங்க போவாங்கன்னு கொஞ்சம் தெரியும். தாள்ல இன்னொரு வரிசை இருக்கு பாருங்க. முதல் வாரத்துல விரலைக் கொஞ்சமாவது விரிக்க முடிஞ்சுதா, இல்லையா. முடிஞ்சவங்கள நீலத்துல போடுங்க, முடியாதவங்கள சிவப்புல."

போட்டாள். வலது மேடு முழுக்க நீலம். இடது மேட்டில் அடியில் சில நீலம், மீதியெல்லாம் சிவப்பு. நடுப் பள்ளத்தில் இருந்த இரண்டு பேரும் நீலம்.

"இப்ப நிகழ்தகவு. சிவப்புல கண்ண மூடிட்டு ஒருத்தர எடுக்கறீங்க. அவரு வலது மேட்டுல இருக்க வாய்ப்பு எவ்வளவு?"

"பூஜ்யம்" என்றது வகுப்பு.

"இந்தத் தாள்ல பூஜ்யம். உலகத்துலயே பூஜ்யம்னு நான் சொல்ல மாட்டேன். இன்னும் நெறையப் பேரைச் சேத்தா ஒண்ணு ரெண்டு வரலாம். ஆனா பந்தயம் கட்டச் சொன்னா கட்ட மாட்டேன்."

முதல் வாரம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. பிசியோ கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "விரிங்க சார், விரிங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். உச்சாணியின் முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. நாத்தனார், "சுண்டு விரல் அசைஞ்சுது, நான் பாத்தேன்" என்று கத்தினாள். இவளும் பார்த்தாள். மின்விசிறிக் காற்றில் போர்வைதான் அசைந்தது. பிசியோ தலையை ஆட்டிவிட்டு எதையோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்பது இப்போது புரிந்தது.

மறுநாள் இடைவேளையில் நேராகப் பிசியோவின் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தினாள்.

"முப்பத்தஞ்சுன்னு சொன்னீங்களே சார். அவரு எந்த மேட்டுல இருக்காரு?"

பிசியோவுக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கே படித்தீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"நான் பொய் சொல்லலம்மா. சராசரி அதுதான்."

"நான் சராசரியக் கேக்கல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க லேப்ல இருக்கறவங்க. ரிசல்ட் என்னன்னு உங்களுக்குத் தெரியும். கவுண்டர்ல வந்து நிக்கிறவங்க முகத்தப் பாத்துட்டு, 'டாக்டர்கிட்டக் கேட்டுக்கங்க'ன்னுதானே கவரை ஒட்டிக் குடுக்கறீங்க? அன்னிக்கு உங்க மூணு பேர் முகமும் அப்படித்தான் இருந்துச்சு. எனக்கு ஒட்டிக் குடுக்கக் கவர் இல்ல. சராசரி இருந்துச்சு, குடுத்தேன்."

சண்டை போடத்தான் போயிருந்தாள். "எக்சர்சைஸ நிறுத்திடலாமா?" என்று மட்டும் கேட்டாள்.

"நிறுத்தாதீங்க. விட்டா கை இறுகிடும், வலி வரும். ஆனா..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. வெளியே அடுத்த நோயாளியின் சக்கர நாற்காலி வந்து நின்றது.

அவள் வீட்டில் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது ஒரு வேலையாகவே ஆகிவிட்டது. தங்கை டிபன் பெட்டியைக் கொண்டுவந்தால் இவள் சமையலறைக்குள் போய்விடுவாள். அங்கே செய்ய ஒன்றும் இல்லாவிட்டால் கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவுவாள். கூடத்திலிருந்து பெட்டி விழும் சத்தம் கேட்கும். "பரவாயில்ல, நேத்தைக்கு இன்னிக்கு நல்லாத்தான் இருக்கு" என்று தங்கையின் குரல் கேட்கும். மேஸ்திரி போன் செய்து, இடத்துக்கு வேறு ஆள் கேட்கிறார்கள், நான் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்றார். உச்சாணி, "இன்னும் கொஞ்ச நாள், வந்துருவேன்" என்றார்.

ஒரு மதியம் தேர்வுக்காகத் தாள்களைப் பரப்பி வைத்திருந்தாள். வாசலில் காய்கறி வண்டி வந்ததால் எழுந்து போனாள். திரும்பி வந்தபோது உச்சாணி மேஜை முன் உட்கார்ந்திருந்தார். வலது கை அந்தப் படத்தின் மேல் இருந்தது.

"என்ன இது, ரெண்டு கரிக் குவியல் மாதிரி இருக்கு?"

"வீட்டுப் பாடம்."

"அது தெரியுது. குவியல்ல என்ன இருக்கு?"

பொய் சொல்லத் தெரியாதவள் இல்லை. ஆனால் அந்த நேரம் ஒரு பொய்யும் கைகொடுக்கவில்லை. "ஆளுங்க" என்றாள். "ஒரு கட்டம் ஒரு ஆளு."

"கீழ நம்பர் போட்டிருக்க. அறுபத்தாறுல முடியுது." அவர் விரல் அடிக்கோட்டின்மேல் மெல்ல நகர்ந்தது. கப்பல் தளத்துக்கும் கரைக்கும் நடுவில் தூரத்தை அளந்தே பழகிய கண். நடுவில் வந்து நின்றது. "இங்கதான முப்பத்தஞ்சு வரும்?"

"ம்."

"இங்க ஆளு இருக்கற மாதிரியே தெரியலையே."

அவள் காய்கறிப் பையைக் கீழே வைத்தாள்.

"சிவப்பு யாரு?"

"என்னங்க, அத விடுங்க."

"சிவப்பு யாரு, சொல்லு."

"முதல் வாரத்துல விரல் விரிக்க முடியாதவங்க."

அவர் வலது கையால் இடது கையை எடுத்து மேஜைமேல், படத்தின் பக்கத்தில் வைத்தார். ஒரு பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "உனக்கு எப்பத்துல இருந்து தெரியும்?"

சொன்னாள்.

"அதான் கிச்சன்லயே குடியிருந்தியா" என்றார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

தங்கை தையல் மெஷினை நிறுத்திவிட்டு எப்போது வந்து நின்றாள் என்று இருவருக்குமே தெரியவில்லை. "உங்கள யாரு அண்ணி இதெல்லாம் படிக்கச் சொன்னது?" என்றாள். "தாள்ல கட்டம் போட்டா ஆளு முடிஞ்சுதுன்னு அர்த்தமா? இவரு என்ன கட்டமா?" தாளைப் பிடுங்கிக் கண்ணுக்கு அருகில் வைத்துத் தேடினாள். "இந்தா, நடுவுல ரெண்டு கட்டம் இருக்கே! ரெண்டு பேரு இருக்காங்கல்ல?"

"இருக்காங்க."

"அவங்களுக்கு வந்திருக்குல்ல? அப்ப அண்ணனுக்கு ஏன் வராது?"

அந்த இரண்டும் நீலம். நாத்தனார் நிறத்தைப் பார்க்கவில்லை. உச்சாணி பார்த்துவிட்டார். அவரும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வரலாம்" என்றார் உச்சாணி. "கொண்டா அந்தப் பெட்டிய."

அதற்குப் பிறகு அவர் முன்பைவிடக் கடுமையாகப் பயிற்சி செய்தார். தங்கை சொன்னதையெல்லாம் தட்டாமல் செய்தார். மனைவியும் இப்போது கூடத்தில் உட்கார்ந்து பார்த்தாள். அவர் யாருக்காகச் செய்கிறார் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு பார்ப்பது சமையலறையில் ஒளிந்திருந்ததைவிடக் கொடுமையாக இருந்தது. தங்கை வெளியே போயிருக்கும் நேரத்தில் அவர் பெட்டியைத் தொடவே மாட்டார். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தபோது, "முப்பத்தஞ்சுன்னு அந்த மனுஷன் சொன்னப்ப நான் மனசுக்குள்ள அம்பதுன்னு வெச்சிருந்தேன்" என்றார். "நான் கெட்டிக்காரன் இல்லையா, மத்தவனவிட ஒரு பிடி கூடவே வரும்னு." சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. அவள் அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கைதான் திருப்பிப் பிடிக்கும்.

தேர்வில் அவள் தேறினாள். ஹிஸ்டோகிராம் கேள்விக்கு முழு மதிப்பெண் என்று மணி மேடம் பாராட்டினார். வீட்டில் அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஆறு மாதம் முடிந்து பிசியோ சோதித்துப் பார்த்தார். தோளைத் தூக்கச் சொன்னார், முழங்கையை நீட்டச் சொன்னார், விரலை விரிக்கச் சொன்னார். தங்கை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒன்பது" என்றார் பிசியோ.

"இன்னொரு தடவை பாருங்க சார்" என்றாள் தங்கை. "காலையில வீட்டுல நல்லாப் பண்ணாரு. இங்க ஏசிக் குளிருக்கு விறைச்சிருக்கு."

அவர் இன்னொரு தடவை பார்த்தார். அப்போதும் ஒன்பதுதான். தங்கை ஒன்றும் பேசவில்லை. அவள் ஒன்றும் பேசாமல் நின்றதை அந்த வீட்டில் யாரும் அதற்கு முன்பு பார்த்ததில்லை. உச்சாணி சட்டைக்குள் கையை நுழைக்கப் பாடுபட்டுக்கொண்டே, "மேஸ்திரிக்கு நானே போன் பண்ணிடறேன்" என்றார். "பாவம், எத்தனை நாள்தான் எடத்தப் பிடிச்சு வெச்சிருப்பான்."

அந்த வேலை வேறொருவருக்குப் போனது. துறைமுகம் அவருக்கு மருத்துவ ஓய்வு கொடுத்து அனுப்பியது. தங்கை டிபன் பெட்டி அரிசியைத் திரும்ப டப்பாவில் கொட்டியபோது அதில் பூச்சி விழுந்திருந்தது. அப்படியே அள்ளி வெளியே கொட்டிவிட்டு வந்து மெஷினில் உட்கார்ந்தாள். வெகுநேரம் வரை அதை ஓட்டவில்லை.

ஒரு மாலையில் உச்சாணி மனைவியைக் கூப்பிட்டார். இடது கையை மடியிலிருந்து தூக்கிக் காட்டினார். விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டு இறுகியிருந்தன. நகம் வளர்ந்து சதையில் பதிந்திருந்தது.

"வலிக்குதா?"

"அதுதான் தெரியல. ரத்தம் வந்திருக்கும் போல."

நகவெட்டியையும் ஒரு துணியையும் எடுத்து வந்து அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். சுண்டு விரலில் தொடங்கினாள். அது வரவில்லை. தன் கட்டை விரலை அடியில் கொடுத்து மெல்ல நெம்பினாள். விரிந்தது. விட்டதும் மூடிக்கொண்டது. மறுபடி விரித்துப் பிடித்துக்கொண்டு, ஒரு கையாலேயே நகத்தை வெட்டினாள். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த விரலைப் பிடித்தாள்.